நிலத்தடிக் குள்ளர் சமூகத்தின் அன்றாட வாழ்வைப் படைப்பது எப்படி?

மிகுபுனைவுக் கதையில் நிலத்தடிக் குள்ளர் சமூகத்தைப் படைக்க விரும்புவோர், தாடியையும் கோடரியையும் வர்ணிக்கும் முன், அங்கே காற்று எப்படி வருகிறது, அடுப்புப் புகை எங்கே போகிறது என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டும். துருக்கியின் தெரிங்குயு நிலத்தடி நகரம் இதற்கு மிகச் சிறந்த முன்மாதிரி. சுமார் 85 மீட்டர் ஆழம் வரை இறங்கும் அந்நகரில் காற்றுக்கெனச் செங்குத்தான துளைகளும், வழியை உள்ளிருந்தே உருட்டி அடைக்க வட்டக் கற்களும், கால்நடைகளுக்கு மேல்தளத்தில் தொழுவங்களும் இருந்தன.

பழக்கவழக்கங்கள் இத்தகைய தேவைகளிலிருந்தே பிறக்க வேண்டும். விளக்கு எரிக்கும் எண்ணெய் அரிதான ஊரில், வந்த விருந்தாளியின் விளக்கில் எண்ணெய் ஊற்றிய பிறகே நலம் விசாரிப்பது மரியாதையாகலாம். பாட்டி ஒருத்தி சுவரில் புறங்கையை வைத்து, ஈரம் ஏறியிருப்பதை உணர்ந்து, மாவு மூட்டையைப் பேசாமல் நகர்த்தி வைப்பதாக எழுதிப் பாருங்கள். பத்துப் பக்க வரலாறு தராத நம்பிக்கையை அந்த ஒரு செயல் தந்துவிடும்.

வாழ்த்துச் சொல்லையும் தொழிலிலிருந்தே எடுங்கள். ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒருவரையொருவர், சுரங்கத்தில் நற்பேறு கிட்டட்டும் என்ற பொருளில், ‘குளூக் ஆஃப்’ என்றே வாழ்த்தினர். பகலே தெரியாத உங்கள் குள்ளர்கள் ‘காலை வணக்கம்’ சொல்லக் கூடாது. வேலைமுறை (ஷிப்ட்) மாறுவதை அறிவிக்கும் மணியோசையே அவர்களுக்கு விடியல்.