ஆர்வோ பார்ட்டின் இசையைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்வோ பார்ட் என்ற பெயரை அறியாதவர்கள்கூட அவர் இசையைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. 1978-இல் அவர் எழுதிய 'ஷ்பீகல் இம் ஷ்பீகல்' பல படங்களில் சோகக் காட்சிகளுக்குப் பின்னால் ஒலிக்கிறது; தூங்கப் போகுமுன் கேட்கும் தொகுப்புகளிலும் இருக்கிறது. இதனாலேயே பலர், இந்த எஸ்தோனிய இசையமைப்பாளருக்கு அழகு என்றால் மனதை வருடிவிடுவதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் தவறு இது.

'தபுலா ராசா' என்ற வயலின் இசைப் படைப்பின் (1977) இரண்டாம் பகுதியை ஒருமுறை வேறு வேலை எதுவும் இல்லாமல் கேளுங்கள். கடைசியில் டபுள் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம் படிப்படியாக இறங்கி வருகிறது. டி என்ற ஆதார சுரத்துக்கு ஒரு படி முன்பே, ஈ-யில் நின்றுவிடுகிறது. டி வர வேண்டிய இடத்தில் மௌனத்தைத்தான் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சுரத்தைக் கேட்பவர்தான் மனதுக்குள் பாடி முடிக்க வேண்டும். ஒரே ஒரு சுரத்தை அழகாக வாசித்தாலே போதும் என்று சொன்னவர் பார்ட். அப்படிப்பட்ட இசையைப் பின்னணியில் ஓடவிட்டால் பாதிக்கு மேல் தவறிப்போகும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது: எளிமையாக ஒலிப்பதால், தோன்றியதை எழுதிவிட்டார் என்று நினைப்பது. 1976-இல் வந்த 'ஃபூர் அலினா' சில நிமிடமே நீளும் பியானோ இசை. வலது கை ஒரு மெலடியை வாசிக்கிறது. இடது கைக்கு பி மைனர் ட்ரையட் என்ற சுரக் கூட்டின் மூன்று சுரங்கள் மட்டும்தான்: பி, டி, எஃப் ஷார்ப். அவற்றிலும் எது வேண்டுமானாலும் வாசிக்க முடியாது. மெலடி எந்தச் சுரத்தில் இருக்கிறதோ அதற்குக் கீழே, மிக அருகில் உள்ளதைத்தான் தொட வேண்டும். பார் எனப்படும் சிறு பகுதிகளில், ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சுரங்கள் ஒன்றொன்றாகக் கூடி, பிறகு அதேபோலக் குறைகின்றன. மணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'டின்டினாபுலி' என்று பெயர் வைத்த முறை இது. அப்புறம் முழுப் படைப்பிலும் ஒரே ஒரு இடத்தில் விதியை மீறி இடது கைக்கு ஒரு சி ஷார்ப் கொடுக்கிறார். ஸ்கோரில், அதாவது எழுதி வைத்த இசைக் குறிப்பில், அந்த இடத்தில் ஒரு சின்னப் பூ வரைந்திருக்கிறார்! அந்த ஒரு சுரம் காதில் விழும்போது ஏற்படும் சிலிர்ப்பு, சுற்றியிருக்கும் அத்தனை கட்டுப்பாட்டாலும் கிடைத்தது. எல்லாச் சுரமும் எப்போதும் அனுமதி என்றிருந்தால் அதை யார் கவனித்திருப்பார்கள்? கலைஞனின் சுதந்திரத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, அன்று எஸ்தோனியாவை ஆண்ட சோவியத் அரசுக்குப் பயந்து எளிமைக்குள் ஒதுங்கிக்கொண்டார் என்று சொல்பவர்களும் உண்டு. நடந்ததைப் பார்த்தால் இது நிற்காது. 1960-இல் 'நெக்ரோலாக்' என்ற படைப்பில் பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் தரும் பன்னிரு சுர முறையைக் கையாண்டபோதே அதிகாரிகளின் கண்டனம் வந்தது. 1968-இல் எஸ்தோனியத் தலைநகர் தாலினில் இசைக்குழு நடத்துனர் நேமே யார்வி வழிநடத்திய 'கிரெடோ' பெரும் புயலைக் கிளப்பியது. அதில் பாஹின் சி மேஜர் பிரெலூட் வருகிறது, அதைச் சிதைக்கும் பேரிரைச்சலும் வருகிறது. ஆனால் ஆட்சிக்கு உறுத்தியது இரைச்சலைவிட 'இயேசு கிறிஸ்துவை நம்புகிறேன்' என்ற லத்தீன் வரிதான். அதன்பின் பல ஆண்டுகள் அந்தப் படைப்பை சோவியத் நாட்டில் வாசிக்க முடியவில்லை.

அடுத்து ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் மிகக் குறைவாகவே எழுதினார். 1971-இல் வந்த மூன்றாம் சிம்பொனி குறிப்பிடத்தக்க விதிவிலக்கு. கிரிகோரியன் பாடல்களிலும் பழைய தேவாலய இசையிலும் மூழ்கிக் கிடந்த காலம் அது. அதிலிருந்து வெளியே வந்தவர் அரசுக்குப் பிடித்த இசையையா எழுதினார்? 1977-இல் வந்த 'சும்மா' (Summa) பாடல் அதே கிறிஸ்தவ நம்பிக்கை அறிக்கையின் முழு லத்தீன் வாசகம். தணிக்கையின் கண்ணில் படக் கூடாதென்று சாதுவான தலைப்பை வைத்தார். 1980-இல் குடும்பத்தோடு நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது: முதலில் வியன்னா, பிறகு பெர்லின்.

பக்தி இசை எழுதுபவர் என்பதால் உலக நடப்பில் அக்கறை இல்லாதவர் என்று எண்ணுவதும் தவறு. 2006-இல் மாஸ்கோவில், ரஷ்ய அரசை விமர்சித்த பத்திரிகையாளர் அன்னா பொலித்கோவ்ஸ்கயா கொல்லப்பட்டபோது, அந்த இசைப் பருவத்தில் நடக்கும் தன் இசை நிகழ்ச்சிகளை எல்லாம் அவர் நினைவுக்கு அர்ப்பணித்தார். 2008-இல் முடித்த நான்காம் சிம்பொனியை, அப்போது ரஷ்யச் சிறையில் இருந்த, அரசை எதிர்த்த தொழிலதிபர் மிகயில் கோதர்கோவ்ஸ்கிக்கு அர்ப்பணித்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் 'ஷ்பீகல் இம் ஷ்பீகல்'லில் தொடங்க வேண்டாம். 'கிரெடோ'வை முதலில் கேளுங்கள். காது கூசினாலும் நிறுத்தாதீர்கள். பிறகு 'சும்மா'. கடைசியாக 'ஃபூர் அலினா', முடிந்தால் ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு.