எட்டு டீம் மாறுன அவுட்ஃபீல்டரோட கரியரை எப்படி படிக்கிறது

பேஸ்பால் புதுசா பாக்க ஆரம்பிச்சவங்க ஓதானி, ஜட்ஜ்னு பெரிய தலைங்களைத்தான் ஃபாலோ பண்றாங்க, பண்ணுங்க, வேணாங்கல. ஆனா ஒரு டீம் உள்ளுக்குள்ள எப்படி கணக்கு போடுதுன்னு புரியணும்னா ஸ்டாரை விட்டுட்டு ஒரு ஜர்னிமேனை எடுத்துக்கோங்க, அதாவது எந்த டீம்லயும் ரொம்ப நாள் நிலைக்காம, அதே சமயம் வேலை இல்லாமலும் போகாம ஊர் ஊரா சுத்திட்டே இருக்குற பிளேயர். நான் எப்பவும் உதாரணத்துக்கு எடுக்குறது ராஜே டேவிஸ்ங்குற அவுட்ஃபீல்டர், அதாவது மைதானத்தோட கடைசில நின்னு ஃபீல்டிங் பண்றவரு. 2006லேர்ந்து 2019 வரைக்கும் 14 சீசன், எட்டு டீம், 62 ஹோம் ரன் (பந்தை சுவரைத் தாண்டி அடிக்கிறது), .262 ஆவரேஜ் (ஆயிரம் வாய்ப்புல 262 ஹிட்), 415 ஸ்டோலன் பேஸ் (பிட்ச்சர் பந்து போடும்போதே ஓடி அடுத்த பேஸைத் திருடுறது).

பேஸ்பால் ரெஃபரன்ஸ்ங்குற புள்ளிவிவர வெப்சைட்டுல அவரு பேஜை ஓப்பன் பண்ணா மொதல்ல கண்ணுல படுறது பெரிய பேட்டிங் டேபிள்தான். அதை இப்போதைக்கு விடுங்க, நேரா கீழ போய் டிரான்ஸாக்ஷன்ஸ் லிஸ்டை, அதாவது எப்ப எந்த டீமுக்கு மாறுனாருங்குற லிஸ்டை பாருங்க. ஒவ்வொரு வரியிலயும் மூணு விஷயம் பாக்கணும்: என்ன தேதி, பதிலுக்கு யாரைக் குடுத்தாங்க, அந்த நேரத்துல வாங்குன டீமுக்கு எது இல்லாம இருந்துச்சு. இவரு நல்ல பிளேயரா இல்லையாங்குற கேள்விய தூக்கி ஓரமா வைங்க, இந்த மாதிரி ஆளுங்க விஷயத்துல அதுக்கு பதில் கெடைச்சாலும் ஒண்ணும் புரியாது, யாருக்கு இவரு எதுக்கு வேணும்ங்குறதுதான் மொத்த கதையும்.

ஆரம்பம் டிராஃப்ட், அதாவது டீம்கள் ரவுண்டு ரவுண்டா புது பசங்களை தேர்ந்தெடுக்குறது. டேவிஸை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தது 2001ல, 38வது ரவுண்டுல. இப்ப டிராஃப்டே 20 ரவுண்டுதான், அன்னைக்கு இருந்த அந்த கதவே இன்னைக்கு கெடையாது. அவ்ளோ கடைசில எடுத்த பையன் மேல டீம் பெருசா காசு போட்டிருக்காது, அதனால அவன் சொதப்புனா காத்திருக்கவும் மாட்டாங்க, ஒவ்வொரு லெவல்லயும் அவனேதான் நிரூபிச்சுக்கிட்டு மேல ஏறணும். டேவிஸ் மேஜர் லீக்ல, அதாவது உச்சத்துல இருக்குற லீக்ல, மொத மேட்ச் ஆடுனது 2006 ஆகஸ்ட்ல, அப்ப வயசு 25. அதுக்கு முன்னாடி அவரு ஆடுன மைனர் லீக் (மேஜருக்கு கீழ உள்ள லெவல்கள்) டேபிள்ல வேற எதையும் விட ஸ்டோலன் பேஸ் நெடுவரிசையை பாருங்க, அவரை மேல தூக்கிட்டு வந்தது அந்த கால்தான்னு தெரியும்.

அடுத்தது 2007 ஜூலை 31. இந்த தேதி அந்த வருஷத்து டிரேட் டெட்லைன், அதாவது தடையில்லாம ஆளை மாத்திக்க கடைசி நாள், அன்னைக்கு நடக்குற டிரேடுல எப்பவும் ஏதோ ஒரு அவசரம் இருக்கும். பைரேட்ஸ் இவரைக் குடுத்து ஜயன்ட்ஸ்கிட்டேர்ந்து மேட் மாரிஸ்னு ஒரு பெரிய சம்பள பிட்ச்சரை வாங்குனாங்க, அந்த டிரேடுக்கு பைரேட்ஸ் ரசிகர்கள் இன்னிக்கு வரைக்கும் திட்டுறாங்க. ஆனா ஜயன்ட்ஸும் வச்சுக்கல, 2008 ஏப்ரல்லயே வெய்வர்ஸ் வழியா ஓக்லண்ட் அவரை தூக்கிடுச்சு.

இங்க கொஞ்சம் நிக்கணும், ஏன்னா இந்த வெய்வர்ஸ், டிஎஃப்ஏ, ஆப்ஷன்ஸ் மூணும் புரியலன்னா எந்த ஜர்னிமேன் பேஜும் புரியாது. ஐபிஎல் மாதிரி எல்லாரையும் ஏலத்துல விட்டு முடிச்சுடுற கதை இங்க இல்ல, சீசன் நடுவுலயே ஆளுங்க வருவாங்க போவாங்க. டீம்ல 40 பேர் லிஸ்ட் ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள மேட்ச் ஆடுற லிஸ்ட் ஒண்ணு, இப்ப 26 பேர், டேவிஸ் காலத்துல 25. 40 பேர் லிஸ்ட்ல இருக்குறவனை மைனர் லீக்குக்கு அனுப்பி திரும்ப கூப்பிடுறதுக்கு டீமுக்கு மூணு சீசன் அனுமதி உண்டு, அதுதான் ஆப்ஷன். அது தீந்துட்டா சும்மா கீழ அனுப்ப முடியாது, டிஎஃப்ஏ பண்ணி லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டு இப்ப 7 நாளைக்குள்ள டிரேட் பண்ணணும், இல்லன்னா வெய்வர்ஸ்ல போடணும், மத்த டீம் யாராவது கை தூக்குனா ஆள் அங்க போயிடுவான், யாரும் தூக்கலன்னா மைனர்ஸ் இல்ல வீடு. அதனால ஆப்ஷன் தீந்த ஒரு அவுட்ஃபீல்டர் ஒரே வருஷத்துல மூணு டீம் மாறுனான்னா அவன் மட்டம்னு அர்த்தமில்ல, அவனை கீழ ஒளிச்சு வைக்க வழி இல்ல, ஆனா சும்மா விடவும் யாருக்கும் மனசில்லன்னு அர்த்தம்.

ஓக்லண்ட்ல அவருக்கு ஆட இடம் கெடைச்சது, 2009ல 41 பேஸ், 2010ல 50 பேஸ் திருடுனாரு. அந்த நவம்பர்லயே டொரான்டோவுக்கு ரெண்டு ரிலீஃப் பிட்ச்சருக்கு (மேட்ச் நடுவுல வந்து பந்து போடுறவங்க) டிரேட். 50 பேஸ் திருடுன ஆளை ஏன் விட்டாங்கன்னு கேப்பீங்க. மேஜர் லீக்ல மூணு வருஷ சர்வீஸ் தாண்டுனா ஆர்பிட்ரேஷன் (நடுவர் வச்சு சம்பளம் முடிவு பண்றது) வழியா சம்பளம் ஏற ஆரம்பிக்கும், ஒரு வருஷ சர்வீஸ்னா 172 நாள், ஆறு வருஷம் முடிஞ்சா ஃப்ரீ ஏஜென்ட், எந்த டீமுக்கு வேணா போகலாம். டிரேட் வரிய பாக்கும்போது பக்கத்துல சர்வீஸ் டைமையும் பாருங்க, ஓக்லண்ட் மாதிரி கையை கட்டி செலவு பண்ற டீம் ஏன் அந்த நேரத்துல கழட்டி விடுதுன்னு பாதிக்கு மேல அதுலயே தெரிஞ்சுடும்.

ஃப்ரீ ஏஜென்ட் ஆனப்புறம் கான்ட்ராக்ட் எத்தனை வருஷம்னு பாருங்க, தொகையை விட அது முக்கியம். டெட்ராய்ட் 2 வருஷத்துக்கு 1 கோடி டாலர் குடுத்தாங்க, கிளீவ்லண்ட் 2016க்கு மட்டும் 52.5 லட்சம், ஓக்லண்ட் திரும்ப 2017க்கு மட்டும் 60 லட்சம். அதுக்கப்புறம் ரெண்டு வருஷமும் மைனர் லீக் டீல், அதாவது ஸ்ப்ரிங் டிரெய்னிங்குக்கு வா, நல்லா ஆடுனா பாக்கலாம்ங்குற டைப்பு. இத்தனைக்கும் 2016ல 35 வயசுல 43 பேஸ் திருடி அமெரிக்கன் லீக்லயே மொத இடம் புடிச்ச மனுஷன்!

இப்ப ஸ்ப்ளிட்ஸ் பேஜுக்கு, அதாவது எந்த மாதிரி பிட்ச்சருக்கு எதிரா எப்படி ஆடுனாருன்னு பிரிச்சுக் காட்டுற பேஜுக்கு போங்க, எனக்கு ரொம்ப புடிச்ச எடம் இதுதான். டேவிஸ் வலது கை பேட்டர், இடது கை பிட்ச்சரை நல்லா அடிப்பாரு, வலது கை பிட்ச்சர் வந்தா சுமார்தான், அதனால பாதி நாள் பெஞ்ச். அந்த ஒரு வரி தெரிஞ்சா அவரோட பேர் போன மூணு ஹோம் ரன்னும் ஒரே கதையாயிடும். 2014 ஜூன் 30, டெட்ராய்ட் 4-1னு பின்னாடி இருக்கு, ஒன்பதாவது இன்னிங்ஸ், பேஸ் ஃபுல், ஓக்லண்டோட ஷான் டூலிட்டில் பந்துல கிராண்ட் ஸ்லாம், அதாவது நாலு ரன் ஹோம் ரன், மேட்ச் முடிஞ்சுது. 2016 நவம்பர் 2, வேர்ல்ட் சீரிஸ்னு சொல்ற ஃபைனலோட ஏழாவது மேட்ச், எட்டாவது இன்னிங்ஸ்ல ரெண்டு அவுட், சிகாகோ கப்ஸ் கிளீவ்லண்டை விட 6-4னு முன்னாடி, எதுக்க அரோல்டிஸ் சேப்மன்ங்குற பயங்கர வேக பிட்ச்சர். முந்தின மேட்ச்கள்ல நிறைய பந்து போட்டு களைச்சுப் போயிருந்தாலும் சேப்மன் சேப்மன்தான், டேவிஸ் பேட்டோட கைப்பிடிய கீழ நல்லா விட்டுட்டு ரொம்ப மேல தள்ளிப் புடிச்சாரு, பவரே வேணாம், பந்து பேட்ல பட்டா போதும்ங்குற மாதிரி, அந்த பிடில அடிச்சது தாழ்வாவே பறந்து லெஃப்ட் ஃபீல்ட் சுவரை ஒட்டி தாண்டுச்சு, 6-6. பத்தாவது இன்னிங்ஸ்லயும் ஒரு ரன் அடிச்சுக் குடுத்தாரு, கிளீவ்லண்ட் 8-7ல தோத்தது வேற விஷயம். மூணாவது 2019 மே 22. அவருக்கு 38 வயசு, நியூயார்க் மெட்ஸோட டிரிபிள் ஏ டீம் (மைனர் லீக்ல உச்ச லெவல்) கூட பென்சில்வேனியால ஆலன்டவுன்ல இருக்காரு, ஃபோன் வருது, வாடகை வண்டி புடிச்சு நியூயார்க் வந்து சேரும்போது மேட்ச் ஆரம்பிச்சாச்சு, எட்டாவது இன்னிங்ஸ்ல பின்ச் ஹிட்டரா, அதாவது வேற பேட்டருக்கு பதிலா, அனுப்புறாங்க, மூணு ரன் ஹோம் ரன். பிட்ச்சர் யாரு, அப்ப வாஷிங்டன்ல இருந்த அதே டூலிட்டில்! பாவம் அந்த ஆளு. டூலிட்டில், சேப்மன் ரெண்டு பேருமே இடது கை. அதிர்ஷ்டமும் இருக்கு, இல்லங்கல, ஆனா லெஃப்டி வரும்போது இவரை உள்ள இறக்கணும்னு வச்சிருந்தது திட்டம்.

காசுக்காகத்தான் 38 வயசுல பஸ் ஏறி மைனர் லீக் ஆடுறாங்கன்னு சிலர் சொல்றாங்க. மேஜர் லீக்ல 43 நாள் இருந்தாலே பென்ஷன் தொடங்கிடும், பத்து வருஷம் இருந்தா முழுசு, டேவிஸ் அதை எப்பவோ தாண்டிட்டாரு. அதனால எல்லாருக்கும் பென்ஷன் கணக்கையே போடாதீங்க, பத்து வருஷத்துக்கு கொஞ்சம் கம்மியா நிக்குறவங்களுக்கு மட்டும் போடுங்க.

2017 ஆகஸ்ட்ல பாஸ்டன் ஏன் இவரை வாங்குச்சுன்னு நீங்களே கண்டுபிடிங்க, ஆகஸ்ட் 31க்குள்ள வந்த ஆளைத்தான் பொதுவா பிளேஆஃப்ல ஆட விடுவாங்கங்குறதுதான் க்ளூ.

இது பழகிட்டா அடுத்து மேட் ஸ்டெயர்ஸ் பேஜை எடுங்க, கனடாக்காரர், 12 டீம், நடுவுல ஜப்பான் வேற போய்ட்டு வந்தாரு. அவரு தலைகீழ், இடது கை பேட்டர். 2008 ஆகஸ்ட் கடைசில ஃபிலடெல்பியா பில்லீஸ் வாங்குனாங்க, அக்டோபர்ல டாட்ஜர்ஸ் கூட நடந்த பிளேஆஃப் சீரிஸோட நாலாவது மேட்ச்ல 5-5னு இருக்கும்போது ஜானதன் பிராக்ஸ்டன்னு ஒரு வேகமான வலது கை பிட்ச்சருக்கு எதிரா பின்ச் ஹிட்டரா இறங்கி பந்தை ஸ்டேண்டுக்குள்ள அனுப்புனாரு. பின்ச் ஹிட்டரா மட்டும் 23 ஹோம் ரன், அதுதான் ரெக்கார்டு, மெயின் டேபிள்ல தேடுனா அந்த நம்பர் கெடைக்காது, ஸ்ப்ளிட்ஸுக்குள்ள போங்க.