தீர்மானம் ஆவதற்கு முன்பே மனு கொடுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை நடத்துகிறேன். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் என்பதால் அன்று காலை கடையில் நிற்க இடம் இருக்காது. வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் மாநகராட்சியைப் பற்றிய மனுதான். அவற்றில் பல, வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டியவை. மீதியில் பல, போன மாதமே போயிருக்க வேண்டியவை. இந்த இரண்டையும் சரிசெய்துகொண்டால் உங்கள் மனுவுக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு.

முதலில், சாலை யாருடையது என்று பாருங்கள். ஓரத்தில் கிலோமீட்டர் கல் இருந்தால் அதன் தலை நிறமே சொல்லிவிடும்: மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. அந்தச் சாலைப் பள்ளத்துக்கு மாநகராட்சி ஆணையருக்கு எழுதினால், "எங்கள் பராமரிப்பில் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். கல் இல்லாத உட்தெருக்கள் பெரும்பாலும் மாநகராட்சியுடையவை. சந்தேகம் இருந்தால் வார்டு பொறியாளரிடம் கேளுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். 1866-இல் நகராட்சியான கடலூர், 2021-இல் மாநகராட்சி ஆனது. 45 வார்டுகள். மன்றக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பு ஒவ்வொரு கவுன்சிலருக்கும் கூட்டப் பொருள் அடங்கிய கட்டு போகும். எல்லோரும் அஜெண்டா என்பார்கள். அதை உங்கள் கவுன்சிலரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுப்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்கிறவரைத்தான் பார்த்ததில்லை.

படிக்கும்போது ஒவ்வொரு பொருளின் கடைசி வரிக்கு முதலில் போங்கள். "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது" என்று முடிந்தால் அது இன்னும் முடிவாகாத விஷயம். நீங்கள் பேச இடம் இருக்கிறது. "மேயரின் முன் அனுமதி பெற்றுச் செய்யப்பட்டது, மன்றத்தின் பதிவுக்கு" என்று இருந்தால் வேலை நடந்துவிட்டது, செலவும் எழுதியாகிவிட்டது. அதன்மீது கூட்டத்தன்று கோஷம் போட்டால் மறுநாள் செய்தித்தாளில் படம் வரும், அவ்வளவுதான். கடைசி வரிக்கு மேலே "அலுவலகக் குறிப்பு" இருக்கும். பொறியாளரோ சுகாதார அலுவலரோ எழுதிய பரிந்துரை அது. பல கூட்டங்களில் அந்தக் குறிப்பே அப்படியே தீர்மானம் ஆகிறது. ஆகவே உங்கள் மனு குறிப்பு எழுதுகிறவர் மேசைக்கு, அவர் எழுதுவதற்கு முன் போக வேண்டும். ஒரு கூட்டம் முடிந்த வாரத்திலேயே அடுத்த கூட்டத்துக்கான மனுவைக் கொடுத்துவிடுவது நல்லது.

வீட்டுமனைப் பிரிவு உங்கள் பகுதியில் வருகிறது என்றால் மன்றம் அதை நிறுத்திவிடும் என்று நம்பாதீர்கள். அனுமதி நகர் ஊரமைப்புத் துறையின் வேலை. ஆனால் மனைப்பிரிவின் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதித் தர வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவில் பொது ஒதுக்கீட்டு இடமாக 10 சதவீதம் விட்டே ஆக வேண்டும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மழைநீர் எந்த வழியாக எங்கே போய் விழும்? வரைபடத்தில் வடிகால் மனைப்பிரிவின் எல்லையோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் உங்கள் தெரு இருக்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எதுவரை நின்றது என்று கைப்பேசியில் படம் வைத்திருப்பவர்கள் ஏராளம். தேதியோடு அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு, எந்தச் சுவர், எத்தனை அடி உயரம் என்று கீழே எழுதி இணையுங்கள். பத்துப் பக்கப் புலம்பலை விட அந்த ஒரு தாளை அதிகாரி உற்றுப் பார்ப்பார்.

இனி உப்பு. என் அக்கா மகள் அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கிறாள். அங்கே குளிர்காலத்தில் சாலைப் பனி உருக உப்பைக் கொட்டுகிறார்கள். ஒரு தேக்கரண்டி உப்பு 5 காலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர் தண்ணீரைக் கெடுக்கும் என்று அந்த மாநில மாசுக்கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கிறது. அதனால் எவ்வளவு உப்பைக் கொட்டலாம் என்பதை அவர்கள் ஊர் மன்றத்தில் உட்கார்ந்து பேசுகிறார்களாம். கேட்டதும் சிரித்தேன். நம் கடலூர் முதுநகரில் பனியே வேண்டாம். துறைமுகத்திலிருந்து கிளம்பும் மீன் வண்டிகளே சாலைக்கு உப்புநீர் தெளித்துவிடுகின்றன. ஐஸ் உருகி, மீன் கசிவோடு சேர்ந்து, வளைவில் வண்டி சாயும்போது மொத்தமாகக் கொட்டும். இரு சக்கர வண்டிகள் வழுக்குகின்றன, இரும்புக் கேட்டின் அடிப்பாகம் துருப்பிடித்து அரித்துப் போகிறது, நாற்றம் வேறு.

இதற்கு ஒருவர் வந்தார். "அக்கா, எங்கள் தெருவில் ஆறு பிரச்சினை. ஆறையும் ஒரே மனுவில் போட்டுவிடுங்கள்" என்றார். மீன் வண்டியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற ஐந்தையும் நீக்கச் சொன்னேன். ஆறு துறை சம்பந்தப்பட்ட மனு ஆறு மேசையிலும் "நமக்கு இல்லை" என்று நகரும். நாங்கள் எழுதியதன் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"தினமும் காலை 6 மணி முதல் 8 மணி வரை மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகளிலிருந்து வழியும் உப்புநீர், எங்கள் தெரு முனை வளைவில் தேங்குகிறது. ஒரு வாரம் குறித்த வண்டிகளின் பதிவெண் பட்டியலும் படங்களும் இணைப்பில் உள்ளன. கசிவுநீர்த் தொட்டி பொருத்தாத வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கவும், வளைவைத் தினமும் நன்னீரால் கழுவவும், இதை அடுத்த மன்றக் கூட்டத்தில் பொருளாக வைக்கவும் வேண்டுகிறோம்."

மனு ஆணையருக்கு, நகல்கள் சுகாதார அலுவலருக்கும், துறைமுகம் மீன்வளத் துறையின் பொறுப்பு என்பதால் அவர்களுக்கும், வாகனம் சம்பந்தப்பட்டது என்பதால் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும். பதிவெண் எழுதியிருந்ததால் யாரும் "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று சொல்ல முடியவில்லை.

ஆழ்துளைக் கிணற்று நீர் கரிக்கிறது என்பது வேறு மனு. வீடுகள் பெருகி, எல்லோரும் மோட்டார் போட்டு உறிஞ்சினால் நன்னீர் மட்டம் இறங்கி, கடல்நீர் நிலத்தடியில் உள்ளே நகர்கிறது. கரையோரத்தில் இது கண்கூடு. நீரில் கரைந்த திடப்பொருளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு அளந்து, தேதி எழுதிவையுங்கள். கோடையிலும் மழைக்குப் பின்னும் அளந்தால்தான் வித்தியாசம் தெரியும். இந்திய குடிநீர்த் தரப்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை. குளோரைடுக்கு 250, அதிகபட்சம் 1,000. மீட்டர் காட்டும் எண் உங்கள் சந்தேகத்துக்கு மட்டும்தான். மனுவில் இணைக்க, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து வாங்கிய அறிக்கை வேண்டும்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவழிப் பாதை, கனரக வண்டிகளுக்கு நேரக்கட்டுப்பாடு போன்றவை மன்றம் தனியாக முடிவு செய்யக்கூடியவை அல்ல. ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, அங்கே போங்கள். லாரன்ஸ் ரோட்டு நெரிசலுக்கும் எம்.புதூருக்குப் பேருந்து நிலையம் போவது பற்றிய சண்டைக்கும் என்னிடம் தனிக் கருத்து உண்டு. இந்தக் கட்டுரைக்கு அது வேண்டாம்.

வார்டு குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபையும் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்கான விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தமிழகம் முழுவதும் நகர்ப்புறப் பகுதி சபைகள் கூடின. வார்டு குழுவுக்குக் கவுன்சிலரே தலைவர். பகுதி சபையில் உங்கள் கோரிக்கையை வாயால் சொன்னால் மட்டும் போதாது. நடவடிக்கைப் பதிவேட்டில் அதை எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

மனு கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்தும் பதில் இல்லை என்றால் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். "இந்தத் தேதியில் பெறப்பட்ட என் மனுவின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், மன்றப் பொருளாக வைக்கப்பட்டிருந்தால் பொருள் எண், தீர்மானத்தின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம்; அதற்குக் கட்டணம் கிடையாது. அதற்கும் திருப்தியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தபாலில் அனுப்புவதாக இருந்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்று வாங்குங்கள்; தனிப் பதிவுத் தபால் 2025-இல் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்தச் சான்று கைக்கு வந்ததும் முத்திரை வாங்கிய பிரதியோடு சேர்த்துக் குத்தி வைத்துவிடுங்கள்.