தொலைக்காட்சிச் செய்தியாளராக விரும்புவோர் எங்கிருந்து தொடங்க வேண்டும்

தொலைக்காட்சிச் செய்தித் துறைக்கு வர விரும்பும் இளைஞர்கள் பலரும் செய்தி வாசிப்பாளரின் நாற்காலியையே இலக்காகக் கொள்கிறார்கள். அந்த நாற்காலிக்குப் பின்னால், களத்தில் நிற்கும் செய்தியாளரும் ஒளிப்பதிவாளரும், வரும் செய்திகளைக் கேட்டு வாங்கும் இன்புட் பிரிவும், அவற்றை எழுதித் திருத்தி வரிசைப்படுத்தும் அவுட்புட் பிரிவும், படத்தொகுப்பாளர்களும் இடைவிடாது உழைக்கிறார்கள். செய்தியாளராகவோ உதவி ஆசிரியராகவோ நுழைந்து, சில ஆண்டுகள் செய்தி திரட்டவும் எழுதவும் கற்ற பிறகு வாசிப்புக்குச் செல்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வாசித்துக்கொண்டிருக்கும்போதே பெரிய நிகழ்வு ஒன்று நடந்து, எழுதிய தாள் பயனற்றுப் போகும் நேரத்தில், களத்தை அறிந்தவரால்தான் பதறாமல் பேச முடியும்.

படிப்பைப் பொறுத்தவரை எந்தப் பட்டம் பெற்றவரும் இத்துறைக்கு வரலாம்; பொருளியலோ வேளாண்மையோ படித்தவர் அந்தத் துறைச் செய்திகளில் மற்றவரைவிட முன்னால் நிற்பார். இதழியலையே முறையாகப் படிக்க விரும்புவோருக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் துறைகள் உள்ளன. வானொலியை நாடுவோர் ஒன்றை முன்பே அறிந்திருக்க வேண்டும்: இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை, அகில இந்திய வானொலியின் செய்திகளை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. ஆகவே வானொலிச் செய்திப் பணி என்பது இங்கே நடைமுறையில் அகில இந்திய வானொலியின் செய்திப் பிரிவுகளில்தான் இருக்கிறது.

பட்டத்தைவிட முக்கியமானது, காதுக்காக எழுதும் பயிற்சி. நாளிதழ் வாசகர் புரியாத வரியை மீண்டும் படிக்கலாம். கேட்பவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. “பலத்த மழையால் நீர்வரத்து அதிகரித்ததையடுத்துப் பாதுகாப்பு கருதி அணையிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டதால் கரையோர மக்கள் வெளியேற்றப்பட்டனர்” என்று எழுதினால், என்ன நடந்தது என்பதைக் கேட்பவர் கடைசிச் சொல் வரை காத்திருந்தே அறிய வேண்டும். “கரையோர மக்கள் வெளியேற்றப்பட்டுள்ளனர். அணையிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டதே காரணம். மழையால் நீர்வரத்து கூடியிருக்கிறது” என்று உடைத்தால் முதல் வரியிலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். நாள்தோறும் நாளிதழிலிருந்து மூன்று செய்திகளை எடுத்து இப்படி மாற்றி எழுதி, உரக்கப் படித்து, கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். லகரம், ளகரம், ழகரம் மூன்றும் தனித்தனியாக ஒலிக்கின்றனவா என்று பாருங்கள். காதில் ஒன்றுபோல் கேட்கக்கூடிய திருவாரூர், திருவள்ளூர் போன்ற ஊர்ப் பெயர்களை அழுத்தித் தெளிவாகச் சொல்லிப் பழகுங்கள்.

தமிழ்நாட்டில் புதிய செய்தியாளருக்கு உண்மையான தேர்வு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான். முழங்கால் அளவு நீரில் நின்று நேரலையில் பேசுவதை எவரும் செய்துவிடலாம். சொல்லும் சொல்லுக்குப் பொருள் தெரிந்திருப்பதே அரிது. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால்தான் அது கனமழை, 204.4 மில்லிமீட்டர் வரை மிக கனமழை; அதற்கு மேல் அதி கனமழை. இதை அறியாதவர் சாரலையும் கனமழை என்று சொல்லி மக்களைக் கலங்க வைப்பார். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடும் நீர் அது. இந்தக் கணக்கு தெரிந்த செய்தியாளர் அதிகாரியிடம் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும். நீங்கள் எந்த மாவட்டத்திலிருந்து வருகிறீர்களோ அந்த மாவட்டத்தின் ஆறு, அணை, பயிர், தொழில் ஆகியவற்றின் எண்களை இப்படியே குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் தெரியாமல் ஒலிவாங்கியைப் பிடிக்கக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம் மட்டுமன்றி, குடும்பம், பள்ளி, சுற்றுப்புறம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலைக் காட்டும் காட்சியும் அந்தக் குழந்தையைத் தெருவுக்கே அடையாளம் காட்டிவிடும். கைதானவரைக் குற்றவாளி என்று சொல்வதும் தவறு. தீர்ப்பு வரும் வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ்களோடு நீங்களே செய்த இரண்டு செய்தித் தொகுப்புகளையாவது இணைத்து அனுப்புங்கள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும்: காட்சிகள், உங்கள் பின்னணிக் குரல், தொடர்புடைய இருவர் கேமரா முன் சொல்லும் சுருக்கமான கருத்து (பைட்), இறுதியில் கேமராவைப் பார்த்து நீங்கள் பேசும் பி.டி.சி. நல்ல கைப்பேசியும் சட்டையில் பொருத்தும் சிறிய மைக்கும் இதற்குப் போதும். படம் சற்றுக் குறைந்தாலும் பொறுப்பார்கள், ஒலி தெளிவில்லாவிட்டால் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். மாவட்டத்தில் பகுதிநேரச் செய்தியாளராகச் சேர அழைப்பு வந்தால், மாத ஊதியமா, ஒரு செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கா, பயணச் செலவும் அடையாள அட்டையும் தருவார்களா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கத் தயங்கி, சொந்தப் பணத்தில் பெட்ரோல் போட்டு ஆண்டுக்கணக்கில் ஓடியவர்கள் இத்துறையில் ஏராளம். நீங்களும் அந்த நிலைக்கு ஆளாக வேண்டாம்.