பெரிய வாரத்துக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஈஸ்டருக்கு இலங்கையின் வடக்கிலுள்ள ஊருக்குப் போவதென்றால், ரிக்கெற் போடும்போது உயிர்ப்பு ஞாயிற்றை மட்டும் பார்த்துப் போடாதீர்கள். குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்பே வீட்டில் இருக்கிற மாதிரிப் பாருங்கள். பெரிய வெள்ளியன்று கட்டுநாயக்காவில் இறங்கி, ஞாயிறு பூசை கண்டு, திங்கள் கொழும்புக்குத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். வடக்கில் அந்த வாரம் முழுவதும் ஊர்ச்சனம் சேர்ந்து செய்கிற வேலை. அதில் கை வைக்காமல் கடைசி நாளுக்கு மட்டும் போய் நிற்பதில் என்ன இருக்கிறது?

2027இல் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பெப்ரவரி 10, குருத்தோலை ஞாயிறு மார்ச் 21, உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. 2028இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 16. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டும் அதே வாரத்தில் வருவதால் யாழ்ப்பாணம் போகும் ரயிலிலும் இரவு பஸ்களிலும் இடம் பிடிப்பது கஷ்டம். முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். பெரிய வெள்ளி இலங்கையில் அரச விடுமுறை. ஈஸ்டர் திங்கள் அப்படியில்லை, வங்கியும் கந்தோர்களும் திறந்திருக்கும்.

புறப்படும் முன் பங்குத்தந்தையுடன் ஒருதடவை பேசுங்கள். லீவு கிடைக்கிறதே என்று இந்த நாட்களில் கலியாணம் வைக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தவக்காலத்தில் கோயில்களில் வழமையாகக் கலியாணம் வைப்பதில்லை. பெரிய வெள்ளியிலும் பெரிய சனியிலும் அறவே முடியாது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதென்றால் பெரிய சனி இரவுப் பாஸ்காத் திருவிழிப்போ அதற்குப் பிந்திய நாட்களோ நல்லது. ஞானத்தாய், ஞானத்தந்தையாக நிற்பவர்கள் உறுதிப்பூசுதல் பெற்றிருக்க வேண்டும், அதற்கான பத்திரத்தை உங்கள் நாட்டுப் பங்கிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள். இறந்த அம்மா அப்பாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்க விரும்பினால் திங்கள் முதல் புதன் வரையோ, ஈஸ்டருக்கு அடுத்த வாரமோ கேளுங்கள். பெரிய வியாழனில் பங்குக் கோயிலில் மாலைத் திருப்பலி மட்டும்தான். வெள்ளியிலும் சனி பகலிலும் திருப்பலியே கிடையாது.

ஊருக்குப் போனதும் முதலில் கேட்க வேண்டியது, “எங்கட பக்கத்துக்கு எந்த நிலை?” என்பதுதான். பல பங்குகளில் பெரிய வெள்ளிச் சிலுவைப் பாதை தெருவழியே போகும். பதினான்கு நிலைகளையும் வட்டாரங்களுக்கோ குடும்பங்களுக்கோ பிரித்துக் கொடுப்பார்கள். உங்கள் பெரியம்மா வீட்டுப் படலையடியில் ஒரு நிலை வந்தால், முதல்நாளே முற்றம் கூட்டி, மேசை ஒன்றை வெளியே தூக்கி வைத்து, வெள்ளைத் துணி விரித்து, சிலுவையும் பூவும் மெழுகுதிரியும் வைக்க வேண்டும். காற்றுக்குத் திரி அணையாமல் ஒருவர் பக்கத்தில் நின்று மறைக்க வேண்டும். அந்த வேலையில் உங்கள் பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளை என்றால் ஒரு மன்றாட்டை வாசிக்கக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சந்தோசமாகத் தருவார்கள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சனத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து வீடியோ எடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அழுதுகொண்டு வருகிறவர்களின் முகம் அது.

மார்ச், ஏப்ரல் வெயில் கடுமையானது. திருச்சபை ஒழுங்குப்படி திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி: 18 வயது முதல் 59 வயது வரையுள்ளவர்கள் ஒரு நேரம் மட்டும் முழுச் சாப்பாடு. 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் இறைச்சி தவிர்க்க வேண்டும். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு, ஆகவே சீனி வருத்தம் உள்ளவர்கள் வீறாப்புக்குப் பட்டினி கிடக்க வேண்டாம். தண்ணீர் குடிப்பதால் நோன்பு முறியாது.

உடுப்பு வெள்ளையோ அடக்கமான நிறமோ போதும். பல ஊர்க் கோயில்களில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள், முன்னால் நிற்பவர்களைப் பார்த்துச் செய்யுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வேறு பங்குகளிலிருந்தும் குருமார் வருகிற நாள் ஒன்றிருக்கும், அன்று நேரத்தோடு போனால் வரிசையில் காய வேண்டியதில்லை. வியாழன் இரவு ஆராதனைக்கு முறை வைத்திருப்பார்கள், உங்கள் வட்டாரத்தின் முறைக்குப் போங்கள். அன்று பூசையில் வானவர் கீதத்தோடு ஓயும் மணி, சனி இரவுத் திருவிழிப்பில்தான் திரும்ப அடிக்கும். அந்தத் திருவிழிப்பு நீளமானது. சின்னப் பிள்ளைகளைப் பின்னேரம் படுக்க வைத்து எழுப்பிக் கொண்டுபோங்கள், ஆளுக்கொரு மெழுகுதிரியும் எடுங்கள்.

தவக்காலத்தில் கொஞ்சம் முந்தியே போக முடிந்தவர்கள் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ் பார்க்காமல் வரக்கூடாது. மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் யாழ்ப்பாணத்தில் மேடையேற்றும் திருப்பாடுகளின் காட்சிக்குப் பெரும் சனம் கூடும். மன்னார்த் தீவில் பேசாலையின் உடக்குப் பாஸ் வேறு வகை. அங்கே பாடுகளை உருவங்களை வைத்து நடத்திக் காட்டுவார்கள். இவை எல்லா வருடமும் நடக்கும் என்றில்லை, நாளும் மாறும், அதனால் ஊர்க்காரரிடம் விசாரித்துவிட்டுப் போங்கள். சில ஊர்களில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழில் எழுதியது அது. வயதானவர்கள் ராகம் இழுத்து வாசிக்கும்போது விளங்காத சொல் வரும், பரவாயில்லை, இருந்து கேளுங்கள். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் வரும். குறிகட்டுவானிலிருந்து போட் போகும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் அனுமதி பற்றி யாழ். மாவட்டச் செயலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிக் கோயில்கள், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் என்று குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். சீயோனில் செத்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அதற்குப் பிறகு ஈஸ்டர் நாட்களில் கோயில் வாசலில் பொலிஸும் இராணுவமும் நிற்பதும் பைகளைச் சோதிப்பதும் வழமையாகிவிட்டது. விமானப் பயணப் பையோடு நேரே கோயிலுக்குப் போகாதீர்கள். கைப்பையில் அடையாளத்துக்கு ஏதாவது இருக்கட்டும். சோதிப்பவர்களோடு வாக்குவாதப்படாமல் அரை மணித்தியாலம் முந்திப் போங்கள்.

காசு கொடுக்க நினைத்தால் பங்குத்தந்தையிடமோ பங்குச் சபையிடமோ கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மைக்கில் பெயர் வாசிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். கொடுப்பதற்கு முன் என்ன தேவை என்று அவர்களையே கேளுங்கள். சிலவேளை சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) மதிலுக்குச் சீமெந்தாக இருக்கும், சிலவேளை பாடகர் குழுப் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்ப இரவு வானுக்கு வாடகையாக இருக்கும்.