மூத்ததிடம் "விளையாட ஆள் வருது" என்று சொல்லாதீர்கள்

இரண்டாவது குழந்தைக்குக் காத்திருக்கும் வீட்டில் மூத்ததிடம் ஆளாளுக்குச் சொல்வது இதுதான், "உன்கூட விளையாடப் பாப்பா வருது." நானும் சொன்னேன். பெரியவளுக்கு அப்போது நாலு வயது. தம்பியைச் சேலம் அம்மாப்பேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அவனுக்கென்று எடுத்து வைத்திருந்த சிவப்புப் பந்தைத் தூளிக்குள் போட்டாள். அவன் கண்ணே திறக்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள் பாருங்கள், அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் ஏழாம் மாதத்திலேயே உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பாப்பா குடிக்கும், தூங்கும், அழும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும், அப்போதெல்லாம் அம்மா மடி அதற்குத்தான் என்பதையும் மறைக்காதீர்கள். மூத்தது பிறந்தபோது எடுத்த போட்டோவைக் காட்டி, நீயும் இப்படித்தான் இருந்தாய் என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்ளும்.

ஆஸ்பத்திரியில் முதன்முதலாகப் பார்க்க வரும்போது பாப்பா உங்கள் கையில் இருக்க வேண்டாம். அப்பாயியிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் காலியாக வைத்திருங்கள், ஓடிவந்து கட்டிக்கொள்ள இடம் வேண்டுமே. பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள், எல்கேஜி வீணாகும் என்று மூத்ததைச் சேலத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாடம் எங்கேயும் ஓடிப்போகாது.

பால் கொடுக்கும் நேரம்தான் மூத்ததுக்கு வயிறு எரியும் நேரம். ஒரு பையில் படப் புத்தகம், கலர் பென்சில், கொஞ்சம் பொரி போட்டு வைத்து, அப்போது மட்டும் எடுத்துக் கொடுங்கள். விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வரலாம், எனக்கும் தூளி கட்டு என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் கேட்டாள், கட்டினேன். திட்டாமல் விட்டால் பெரும்பாலும் கொஞ்ச நாளில் தானாகப் போய்விடும்.

பாசத்தில் செய்வதுதான் பயம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், சேலத்துச் சித்திரை வெயிலிலும் தண்ணீர்கூட வேண்டாம், தேன் ஒரு வயது முடியும் வரை கூடவே கூடாது. ஆனால் மூத்ததுக்கு அது தெரியுமா? தன் பிஸ்கட்டைப் பிய்த்து வாயில் வைத்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு வரும் நேரத்துக்குக்கூட இரண்டையும் தனியாக விடாதீர்கள். பள்ளியிலிருந்து வந்ததும் கைகால் கழுவி, பாப்பாவுக்கு முத்தம் பாதத்தில் மட்டும் என்று பழக்குங்கள். மூன்று மாதத்துக்குள் பாப்பாவுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

அப்புறம் பார்க்க வருகிறவர்கள். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கொலுசைப் பாப்பாவுக்குப் போட்டு அழகு பார்த்துவிட்டு, பெரியதிடம், "இனிமே உன்னை யாரும் கொஞ்ச மாட்டாங்க, தம்பியை நாங்க தூக்கிட்டுப் போறோம்" என்பார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு, குழந்தைக்கு இல்லை. பெரிய அத்தையாக இருந்தாலும், "அப்படிச் சொல்லாதீங்க அத்தை, அவ பயப்படுறா" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். முதலில் மூத்ததிடம் பேசிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள்.

ஆறு வார வாக்கில் பாப்பாவின் அழுகை உச்சத்தில் இருக்கும், தூக்கமில்லாத எரிச்சல் எல்லாம் மூத்ததின் மேல்தான் விழும். தினம் கால் மணி நேரமாவது பாப்பாவை அப்பாவிடம் கொடுத்துவிட்டு மூத்ததோடு மட்டும் இருங்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் நானும் அவளும் தெருமுனைக்குப் போய்த் தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிடுவோம். அந்த நேரத்தில் பாப்பா பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள், அவளாக எடுத்தால் பேசுங்கள்.