சொந்தக் காசில் நகைச்சுவைப் படம்: தோட்டப்புறத்தில் சிரிப்பு நழுவிப்போகும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் இன்று கேமராவுக்குப் பஞ்சமில்லை. கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று படம் எடுத்துக் கொடுப்பவர்களிடமே 4கே பதிவு செய்யும் மிரர்லெஸ் கேமரா இரண்டு இருக்கும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு இருக்கிறது, ஒட்டுக்கடை இருக்கிறது, வாய் ஓயாமல் கிண்டல் பேசும் பெரியவர்கள் நிரைக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அப்படியும் கைக்காசைப் போட்டு எடுத்த நகைச்சுவைப் படங்கள் பல மண்டபத்தில் சத்தமில்லாமல் ஓடி முடிகின்றன. படம் பளிச்சென்று இருக்கும், சிரிப்பு மட்டும் வராது.

பெரும்பாலும் கோளாறு கேமராவில் இல்லை. வசனம் காதில் விழவில்லை, அல்லது சிரிப்பு வரவேண்டிய நொடி வெட்டில் சிக்கிச் செத்துவிட்டது. இந்த இரண்டையும் காப்பாற்றத்தான் காசும் நேரமும் போக வேண்டும்.

காசு போகும் வழி

கோலாலம்பூரிலிருந்து விலையுயர்ந்த கேமராவையும் சினிமா லென்ஸையும் வாடகைக்கு எடுப்பதுதான் எல்லாரும் முதலில் செய்யும் செலவு. ஊரில் இருக்கும் கேமராவே போதும். முதலில் சோற்றுக் கணக்கைப் போடுங்கள். 15 பேர், 20 நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 7,500 வெள்ளி. கையில் 30,000 இருந்தால் கால்வாசி அதிலேயே போய்விடும். சம்பளம் இல்லாமல் நடிக்க வந்தவர்களுக்கு மதியம் இரண்டரை மணிக்கு ஆறிய பொட்டலம் கொடுத்தால், அடுத்த சனிக்கிழமை பாதிப் பேர் வரமாட்டார்கள். சாப்பாட்டுக்கு அடுத்தது ஒலிப்பதிவாளர், அதன் பின் ஒலிக்கலவை, வன்தட்டுகள். பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். மழை அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

காதில் விழாத வசனம்

சோகக் காட்சியில் ஒரு சொல் தப்பினாலும் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். நகைச்சுவையில் சிரிப்பு பெரும்பாலும் கடைசிச் சொல்லில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சொல்லைத்தான் நடிகர்கள் குரலை இறக்கி முடிப்பார்கள். கேமராவின் மேல் செருகிய மைக் மூன்று மீட்டர் தள்ளி நின்று கேட்கும்போது அந்தச் சொல் சிமெண்டுத் தரையிலும் தகரக் கூரையிலும் மோதிக் கரைந்துவிடும். மைக்கைக் கம்பில் கட்டி, நடிகரின் தலைக்கு மேல் அரை மீட்டருக்குள் கொண்டுவர வேண்டும். அதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். கை சும்மா இருக்கும் தம்பியைப் பிடித்து நிற்க வைக்கிற வேலை இல்லை இது.

லயத்து வீட்டுக்குள் நீளமான ஷாட்கன் மைக் குழாய்க்குள் பேசுவதுபோல் கேட்கும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியையும் அது வாங்கிக்கொள்வதுதான் காரணம். உள்ளே, முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் சிறிய ஹைப்பர்கார்டியாய்ட் மைக் பொருந்தும். அது இல்லையென்றால் ஃபிரேமுக்கு வெளியே இரண்டு பக்கமும் கனத்த போர்வை தொங்கவிட்டு, தரையிலும் ஒன்றை விரியுங்கள். உடையில் குத்தும் மைக் வைத்தால் தாலிக்கொடியும் சங்கிலியும் அதில் தட்டும். சங்கிலியைத் துணியின் உட்புறம் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுங்கள்.

உறுமல் மைக்கில் ஏறாதிருக்கக் குளிர்ப்பெட்டியை அணைத்துவிட்டு, மறுபடி போட மறந்து, வீட்டுக்காரம்மாவின் மீனும் கோழியும் கெட்டுப்போவது எல்லாப் படப்பிடிப்பிலும் நடக்கக்கூடியது. காடியின் (கார்) சாவியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டு அணையுங்கள். சாவி இல்லாமல் யாரும் கிளம்ப முடியாது. மின்விசிறியையும் டேக்கின்போது அணைத்து, இடையில் போட்டுக்கொள்ளுங்கள், வியர்வை துடைக்க ஒரு துண்டு கையில் இருக்கட்டும்.

மாலை மூன்று மணிக்கு மேல் இடிமழை வரும் ஊர் இது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் அதிகம். தகரக் கூரையில் மழை விழும்போது பதிவான வசனத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. வீட்டுக்குள் பேசும் காட்சிகளை மழைக்கு முன், மூன்று மணிக்குள் முடியுங்கள். வசனமே இல்லாத இரண்டு காட்சிகளை மழைக்கென்று எழுதி வைத்திருங்கள். மதியம் ஒன்றே கால் வாக்கில் பாங்கு ஒலிக்கும், நாலரைக்கு மேல் மறுபடியும், ஏழரைக்குச் சற்று முன் இன்னொரு முறை. அந்த நேரத்தில்தான் கோயில் பூஜை மணியும். மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்கு வைத்தால் ஒரு தடங்கல் தானாகத் தீரும். செம்பனைக் குலை ஏற்றும் லோரி எந்த நிரை வழியாக வரும் என்று முதல் நாளே மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) கேட்டுக்கொள்ளுங்கள்.

இருட்டத் தொடங்கியதும் செம்பனைக் காட்டில் சில்வண்டு கூடிவிடும். அதன் சத்தம் ஷாட்டுக்கு ஷாட் கூடிக் குறையும், வெட்டும் இடமெல்லாம் துள்ளும். ஒவ்வோர் இடத்திலும் எல்லாரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் வெறும் சூழலொலியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டர் அந்த ஒரு நிமிடத்தை வைத்துத்தான் துள்ளலை மூடுவார்.

ஒலிப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சாதாரணப் பேச்சு மைனஸ் 18க்கும் மைனஸ் 12 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். நகைச்சுவையில் திடீரென்று கத்துவார்கள் என்பதால் இரண்டாவது தடத்தில் இன்னும் 12 டெசிபல் குறைத்து அதே மைக்கைப் பதிவு செய்யுங்கள். சத்தம் ஏறினாலும் பதிவு உடையாத 32 பிட் ஃப்ளோட் கருவி இருந்தால் இந்தக் கவலை குறையும், ஆனால் தூரத்தில் இருக்கும் மைக்கை அது பக்கத்தில் கொண்டுவராது. கைப்பேசியை இரண்டாவது கேமராவாக வைப்பவர்கள் கவனிக்க: பல கைப்பேசிகள் ஃபிரேம் வேகத்தை மாற்றி மாற்றிப் பதிவு செய்யும். காட்சி நீளநீள உதடும் ஒலியும் விலகிப்போகும். நிலையான ஃபிரேம் வேகம் தரும் செயலியில் எடுங்கள்.

ஒளியில் இரண்டு தவறு

முதல் தவறு ஷட்டர் வேகத்தில். இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/50 நொடி என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், படம் நிலையாக இருக்கும். 1/60 வைத்தால் சுவரில் பட்டை ஓடும். ஃபிரேம் வேகத்தை நொடிக்கு 24இல் வைத்து, ஷட்டரை 1/50இல் பூட்டிவிடுங்கள். ஷட்டர் கோணத்தில் சொன்னால் 172.8 பாகை. 25இல் எடுத்துப் பிறகு திரையரங்குக்காக 24 ஆக்கினால் படம் 4 சதவீதம் மெதுவாகும், 90 நிமிடம் 93 நிமிடம் 45 நொடியாகிவிடும். நாடகத்துக்கு அது பெரிய சேதமில்லை. கச்சிதமாக வெட்டிய நகைச்சுவையில் ஒவ்வொரு பதிலடியும் கொஞ்சம் தொய்ந்துபோகும். மலிவான எல்இடி விளக்குகள் சில, ஷட்டர் சரியாக இருந்தும் துடிக்கும். முதல் நாளே ஒவ்வொன்றையும் கேமராவில் பார்த்து, துடிப்பதைக் கழற்றி மாற்றுங்கள்.

இரண்டாவது தவறு, லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் இல்லாமல் வெயிலில் இறங்குவது. ஐஎஸ்ஓ 800, துளை எஃப் 4, ஷட்டர் 1/50 என்றால் நேர் வெயிலில் எட்டு ஸ்டாப் (ஒவ்வொன்றும் ஒளியைப் பாதியாக்கும்) குறைக்க வேண்டும், அதாவது என்டி 256. அது கையில் இல்லாதவர்கள் ஷட்டரை ஆயிரத்துக்கு மேல் ஏற்றிவிடுவார்கள். அப்போது ஆள் வழுக்கி விழுவது வெட்டி வெட்டித் தெரியும், விழுந்ததன் சுகம் போய்விடும். உச்சிவெயிலில் கண்குழி கறுத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். நடிகரின் கண் தெரியாத இடத்தில் சிரிப்பு இல்லை. வெளிப்புறத்தைக் காலை பத்தரைக்குள் முடியுங்கள், மிச்சத்தை மழை விட்டபின் மாலையில் எடுங்கள். செம்பனை நிழலில் முகம் பச்சையடிக்கும். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் பூட்டிவிட்டு, வெள்ளைப் படுக்கை விரிப்பை முகத்துக்கு அருகில் பிடித்தால் பெருமளவு சரியாகும்.

குளிர்சாதனம் ஓடும் காடியிலிருந்து எடுத்த கேமரா உடனே பனிபூத்துவிடும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள்.

மிக நெருங்கிப் போகும் கேமரா

ஒட்டுக்கடைப் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். நடுவில் இருப்பவர் வலப்பக்கத்தாரிடம் 50 வெள்ளி கடன் வாங்கி, அதே கையோடு இடப்பக்கத்தாரின் பழைய கடனை அடைக்கிறார். மனம் குளிர்ந்த இடப்பக்கத்தார், “அவசரம்னா வச்சுக்கண்ணே” என்று அந்த நோட்டையே திருப்பிக் கொடுக்கிறார். அது வலப்பக்கத்தாருக்குப் போய்ச் சேர்கிறது. கடைசியில் கடைக்காரர் வந்து அதைப் பழைய தேத்தண்ணிக் கணக்கில் பிடுங்கிக்கொண்டு போகிறார்.

இதை மூன்று குளோசப்பாக எடுத்து மாற்றி மாற்றி வெட்டினால் காட்சி செத்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு நோட்டின் பயணம் தெரிய வேண்டும். முழு ஃபிரேம் கேமராவில் 35 மில்லிமீட்டர் லென்ஸ், சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமரா என்றால் 24 வாக்கில், இடுப்பு உயரத்தில் முக்காலி. மூவரும் தலை முதல் முழங்கால் வரை தெரியட்டும். கேமரா அசைய வேண்டாம். அந்த ஒரே ஷாட்டை நாலு முறை எடுங்கள், ஒவ்வொரு முறையும் வேகத்தை மாற்றி. ஒத்திகையில் சரியாகத் தோன்றும் வேகம் திரையில் பெரும்பாலும் மெதுவாகத்தான் இருக்கும். அதன் பின் வேண்டியது ஒரே ஒரு குளோசப்: நோட்டு தன்னிடமே திரும்பி வந்ததும், அடுத்த நொடியே கடைக்காரர் கைக்குப் போனதும் புரிகிற வலப்பக்கத்தாரின் முகம்.

‘கட்’டை அவசரப்பட்டுச் சொல்வது மிகச் சாதாரணமான தவறு. கடைசி வசனத்துக்குப் பின் ஐந்து நொடி விடுங்கள். நடிகர் முகத்தைக் கலைக்காமல் இருக்கட்டும். எடிட்டருக்கு அந்த ஐந்து நொடி தங்கம். அதேபோல், எதிரில் பேசுபவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று வேறொருவரை வசனம் படிக்க வைத்து ரியாக்‌ஷன் எடுக்காதீர்கள். கேட்கும் முகம் பொய்யாகத் தெரியும்.

நம் ஆட்கள் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசுவார்கள். அதுதான் அழகு. ஆனால் தனித்தனி குளோசப்பில் அப்படிப் பேசினால் வெட்டவே முடியாது. எல்லாரும் தெரியும் வைட் ஷாட்டில் ஏறிப் பேசட்டும், குளோசப்பில் அரை நொடி இடைவெளி விடட்டும். அல்லது இரண்டு கேமராவில், ஆளுக்கொரு மைக்குடன், ஒரே நேரத்தில் எடுங்கள்.

படக்குழு சிரித்தால் டேக் கெடும், அதைவிட மோசம் அந்தச் சிரிப்பை நம்புவது. முதல் டேக்கில் சிரித்தவர்கள் ஆறாவது டேக்கில் கொட்டாவி விடுவார்கள். இரண்டையும் பொருட்படுத்தாதீர்கள்.

சனி ஞாயிறாக இழுக்கும் படம்

வேலைக்குப் போகிறவர்களை வைத்து வார இறுதியில் மட்டும் எடுத்தால் படம் ஏழெட்டு மாதம் இழுக்கும். அதற்குள் பிப்ரவரி, மார்ச் வாக்கில் கித்தா (ரப்பர்) காடு இலை உதிர்த்து மொட்டையாகிவிடும். தீபாவளிக்கு முன் லயத்து வீடுகளுக்குப் புதுச் சாயம் அடிப்பார்கள். 25 ஆண்டு ஆன செம்பனை நிரையை மறுநடவுக்கு வெட்டிச் சாய்த்துவிட்டால் உங்கள் காட்சி நடந்த இடமே இருக்காது. ஓர் இடத்தின் எல்லாக் காட்சிகளையும் அடுத்தடுத்த வாரங்களில் முடித்துவிடுங்கள். மீசை, முடி, சட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒவ்வொரு காட்சி முடிவிலும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

கோப்புகளும் அப்படித்தான். 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் 45 ஜிகாபைட். இரண்டு கேமராவும் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் 180, இருபது நாளில் 3.6 டெராபைட். 4 டெராபைட் வன்தட்டு இரண்டு வாங்கி, இரண்டு வீட்டில் வையுங்கள். இரண்டிலும் திறந்து பார்க்காமல் கார்டை அழிக்காதீர்கள்.

தோட்டத்துக்குள் நுழைய வாசல் காவலரின் தலையசைப்பு போதாது, நிர்வாகத்தின் கடிதம் வேண்டும், தேதியோடு. தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் படப்பிடிப்புச் சான்றிதழ், கோயில் கமிட்டியின் ஒப்புதல், பிள்ளைகள் நடித்தால் பெற்றோர் கையொப்பம், நடிகர்களுடன் வருமானப் பங்கு பற்றிய எழுத்து ஒப்பந்தம் எல்லாம் முதல் நாளுக்கு முன்பே கையில் இருக்கட்டும். கடை வானொலியில் ஓடும் சினிமாப் பாட்டு உரிமைச் சிக்கல், வெட்டும்போதும் பாட்டு குதிக்கும். வானொலியை அணைத்துவிடுங்கள். இசை வேண்டுமானால் ஊர் உருமி மேளக் குழுவையே எழுத்து ஒப்புதலுடன் பதிவு செய்யலாம், சென்னைப் பாட்டின் நகலைவிட அது எவ்வளவோ மேல்.

பேச்சும் நம் ஊர்ப் பேச்சாக இருக்கட்டும். சென்னைத் திரைப்பட நடையை நடிகர்கள் அவர்களை அறியாமலேயே பிடித்துக்கொள்வார்கள். அதைக் கவனித்துத் திருத்த வேண்டும். குடிகாரர், திக்குவாய், பருமனான உடல் என்று உருவத்தைச் சுற்றி எழுதிய சிரிப்பு முதல் தடவையோடு தீர்ந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சமயம், இனம் தொட்ட வசனங்களைத் தணிக்கை வாரியம் கவனிக்கும், எழுதும்போதே யோசியுங்கள்.

வெட்டும் மேசையில்

நகைச்சுவைக் காட்சிக்கு ‘டொய்ங்’ ஒலி போடுவது, காட்சியின் மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்வதற்குச் சமம். அதற்குப் பதில் ஒரு சோதனைத் திரையிடல் வையுங்கள். 20 பேர் போதும், பாதிப் பேர் ஐம்பது வயது கடந்தவர்கள், நடிகர்களின் உறவினர் வேண்டாம். படம் ஓடும்போது அறையின் ஒலியைக் கைப்பேசியில் பதிந்து, பிறகு எடிட் டைம்லைனில் படத்துக்கு நேராக வையுங்கள். சிரிப்பு மூன்று நொடி நீளும் இடத்தில் அடுத்த வசனம் மூழ்கிவிட்டதா என்று அதில் தெரியும். மூழ்கினால் ஒரு ரியாக்‌ஷனை இரண்டு நொடி நீட்டுங்கள். சிரிப்பே வராத இடத்தில் கடைசி வசனத்தை மாற்ற ஓடாதீர்கள், அதற்கு முந்திய பீடிகையைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

மலாய், ஆங்கில வசனவரிகளில் ஒரு பொறி உண்டு. பீடிகை வரியையும் சிரிப்பு வரியையும் ஒன்றாகப் போட்டால், நடிகர் சொல்லும் முன்பே வாசித்தவர் சிரித்துவிடுவார், மற்றவர் திரும்பிப் பார்ப்பார். சிரிப்புச் சொல் வரும் வரியைப் பிரித்து, வாய் அசையும் நொடியில் போடுங்கள்.

திரையரங்குக்கான டிசிபி கோப்பை டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளிலேயே செய்யலாம். செய்ததைக் கணினியில் பார்த்துத் திருப்தி அடையாமல், திரையிடும் இடத்திலேயே முதல் நாள் ஓட்டிப் பாருங்கள். வசனம் நடு ஒலிபெருக்கியிலிருந்து வருகிறதா, கடைசி வரிசை ஓர நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒட்டுக்கடைக் காட்சியின் கடைசிச் சொல் தெளிவாக விழுகிறதா என்று கேளுங்கள். விழவில்லை என்றால் இசையை 3 டெசிபல் இறக்கி, கோப்பை அன்றிரவே மறுபடி செய்துவிடலாம்.